டச் போயிடுச்சா? டிஸ்ப்ளே மாற்றும் முன் இதைப் பாருங்கள்

‘டச் போயிடுச்சுங்க’ என்று சொல்லி என் மேசையில் வைக்கப்படும் ஃபோன்களில் பல, வைத்த இடத்திலேயே ஒழுங்காக வேலை செய்யும். கொண்டுவந்தவருக்குச் சங்கடமாகிவிடும். ‘வீட்ல சத்தியமா வேலை செய்யலங்க’ என்பார். அவர் சொல்வது உண்மைதான். வீட்டில் அது சார்ஜரில் கிடந்திருக்கும், இல்லாவிட்டால் மெத்தைமேல் இருந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் அவர் அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருப்பார். இந்த மூன்றில் எதுவானாலும் நல்ல ஃபோனின் டச்சே தடுமாறும்.

ஏன் என்று புரிய ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: நாம் அமுக்குவது அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. தறியில் ஊடும் பாவும் போல, குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை, 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளியில். ஒரு வரிசையில் சிப் மின்துடிப்புகளை அனுப்பும், மற்ற வரிசை எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கும். விரல் கிட்டே வந்தால் அதில் கொஞ்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளும். அந்தக் குறைவைத்தான் ஃபோன் ‘தொட்டார்’ என்று புரிந்துகொள்கிறது. குறைவு என்றாலும் எவ்வளவு? ஒரு பிக்கோஃபாரட்டில் சிறு பங்கு. ஃபாரட் என்பது மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை அளக்கும் அலகு. பிக்கோ என்றால் இலட்சம் கோடியில் ஒன்று. இவ்வளவு நுணுக்கமான அளவை, சார்ஜரும் வியர்வையும் மெத்தையும் கெடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக இந்தவகைத் தொடுதிரையை முன்வைத்தார். அன்றும் சரி, இன்றும் சரி, தொடுபவரின் உடம்பு அந்த மின்சுற்றில் ஒரு பாகம். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இதுதான் காரணம்.

முதலில் ஒரு சோதனை

ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் செட்டிங்ஸில் ‘அபவுட் ஃபோன்’ போய், ‘பில்ட் நம்பர்’ என்பதை 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘பாயிண்டர் லொக்கேஷன்’ என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இனி விரல் போகும் இடமெல்லாம் திரையில் கோடு விழும், மேலே எண்கள் ஓடும். நீங்கள் தொடாதபோதும் கோடு விழுந்தால் அது பேய்த் தொடுதல். நீங்கள் இழுக்கும்போது கோடு நடுவில் அறுந்தால் அங்கே உணர்வில்லை. பல சாம்சங் ஃபோன்களில் டயலரில் *#0*# அடித்தாலும் டச் சோதனைப் பக்கம் வரும். ஐஃபோனில் இப்படி ஒன்று இல்லை, அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

‘சார்ஜ் போட்டா தானா அமுங்குது’

முதலில் பவர் பட்டனைத் தட்டித் திரையை அணைத்துவிடுங்கள். பேய்த் தொடுதல் லாக் திரையில் தப்புத் தப்பாக பின் நம்பரை அடித்து ஃபோனையே பூட்டிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி சார்ஜர்தான். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் அந்தச் சின்னப் பெட்டி, உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டலின் இரைச்சலை அடக்க உள்ளே சில பாகங்கள் இருக்கவேண்டும். மலிவு சார்ஜரில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது அவற்றில்தான். விளைவு, பூமியோடு ஒப்பிட்டால் ஃபோன் முழுவதுமே மின்னழுத்தத்தில் மேலும் கீழும் ஆடும். நீங்கள் தரையில் நின்றபடி திரையைத் தொடும் நொடியில் அந்த ஆட்டம் உங்கள் விரல் வழியாக வழி தேடும். சிப் அதையும் தொடுதல் என்று எண்ணிவிடும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பாயிண்டர் லொக்கேஷனைப் போட்டு விரலை ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள். பொய்த் தொடுதல்கள் திரை முழுக்கச் சிதறாமல், உங்கள் விரல் இருக்கும் அதே நேர்கோட்டில் மேலும் கீழுமாகவோ இடமும் வலமுமாகவோ குதித்தால், இரைச்சல் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். இரைச்சல் விரல் வழியாக நுழைவதால், விரல் இருக்கும் கோட்டில்தான் அதன் கைவரிசை.

உறுதி செய்ய, அதே கேபிளை பவர் பேங்கில் செருகுங்கள். பவர் பேங்குக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் தொடர்பு இல்லை. அதில் ஒழுங்காக இருந்து, சுவரில் செருகினால் மட்டும் குதித்தால் சார்ஜரை மாற்றுங்கள். பவர் பேங்கிலும் குதித்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகுதான் ஃபோனைச் சந்தேகிக்கவேண்டும். சார்ஜ் ஏறும்போது ஃபோனின் உலோக விளிம்பில் சுர்ரென்று மெல்ல இழுக்கிறதா? பேர் தெரியாத சார்ஜர் என்றால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். டச் போவதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கலாம்.

‘கையில எடுத்தா கேக்குது, கீழ வச்சா கேக்கல’

இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் இப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. விரல் இழுத்துக்கொண்ட மின்னூட்டம் எங்காவது திரும்பிப் போய்ச் சேரவேண்டும். ஃபோன் கையில் இருந்தால் உள்ளங்கை வழியாக ஃபோனின் உடலுக்கே திரும்பிவிடும், சுற்று முழுமையாகும். மெத்தையிலோ பிளாஸ்டிக் ஸ்டாண்டிலோ கிடந்தால் அந்த வழி மெலிந்துவிடும். நீங்கள் தொடும்போது ஃபோனும் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால், சிப் அளக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். ஆட்டோக்காரர்கள் ஹோல்டரில் மாட்டிய ஃபோனை இரண்டு மூன்று முறை தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் பங்கு இதற்கும் இருக்கலாம்.

ஃபோனை மெத்தைமேல் வைத்து ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொரு கையால் ஃபோனின் உலோக விளிம்பைத் தொட்டபடி மறுபடி தொடுங்கள். இரண்டாவது முறை நன்றாகக் கேட்டால் இதுதான் காரணம். தடிமனான ரப்பர் பவுச் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், பாதி குறையும். டிஸ்ப்ளேயைத் தொடவே வேண்டாம்.

‘என் விரலை மட்டும் மதிக்கமாட்டேங்குது’

ஒரு கொத்தனார் வந்தார். மகன் தொட்டால் ஃபோன் கேட்கிறது, இவர் தொட்டால் கேட்கவில்லை. ‘தம்பி, எம்மேல அதுக்கு என்ன கோவம்?’ என்றார். விரலைக் காட்டச் சொன்னேன். வருடக்கணக்காகச் சிமெண்டில் ஊறிய நுனிகள், மரப்பட்டை மாதிரி காய்ந்து தடித்திருந்தன. ‘அண்ணே, விரல்மேல ஹான்னு ஊதிட்டுத் தொடுங்க’ என்றேன். ஊதினார், தொட்டார், திறந்துகொண்டது. மகன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

மாயமில்லை. தோலின் உயிருள்ள பகுதி ஈரமானது, மின்சாரம் கடத்தும். மேலே இருக்கும் காய்ந்த தோல் கடத்தாது. அது தடித்தால், கண்ணாடியின் கனம் கூடினமாதிரிதான் சிப்புக்குத் தெரியும். மூச்சுக் காற்றின் ஈரம் கொஞ்ச நேரத்துக்கு அதைச் சரிக்கட்டும். நிலையான வழி இரண்டு. ஒன்று, நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியை வைத்துத் தொடுவது. தொடும் பரப்பு கூடினால் சமிக்ஞையும் கூடும். இன்னொன்று, செட்டிங்ஸில் ‘டச் சென்சிட்டிவிட்டி’ அல்லது ‘கிளவ் மோட்’ இருந்தால் ஆன் செய்வது. வயதானவர்கள், துணி துவைப்பவர்கள், சுண்ணாம்பில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இதே மருந்துதான். நகத்தால் தட்டுகிறவர்களுக்கு மருந்து கிடையாது.

‘மழையில நனைஞ்சதுல இருந்து பைத்தியம் புடிச்சிருச்சு’

தண்ணீர்த் துளி பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை இணைத்துவிடுகிறது. வியர்வையில் உப்பும் சேர்வதால் இன்னும் மோசம். இன்னொரு சிக்கலும் உண்டு: யாரும் தொடாதபோது அளவு எவ்வளவு என்று சிப் ஓர் அடிப்படைக் கணக்கு வைத்திருக்கும், அவ்வப்போது புதுப்பித்தும் கொள்ளும். துளி உட்கார்ந்திருக்கும்போது புதுப்பித்துவிட்டால், துடைத்த பிறகும் சிறிது நேரம் குழம்பும். அதனால் திரையை அணைத்து, பருத்தித் துணியால் துடைத்து, சில விநாடி கழித்து ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் கணக்கு சரியாகிவிடும். முழுதாகக் காய்ந்து ஒரு நாள் ஆகியும் சரியாகவில்லை என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், ஓட்டையில் நொய்யும் தூசியும்தான் சேரும். சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

‘டெம்பர் கிளாஸ் ஒட்டினதுல இருந்துதான்’

உரித்துவிட்டுப் பாருங்கள். அவ்வளவுதான் சோதனை. 100 ரூபாய்க் கண்ணாடியைக் காப்பாற்ற நினைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தயாராக வருகிறார்கள்! விளிம்பில் மட்டும் பசை இருந்து நடுவில் காற்று நிற்கும் ரகம்தான் அதிகம் படுத்தும். கண்ணாடியைவிட அந்தக் காற்று இடைவெளி மின்புலத்தை மோசமாக மெலிக்கிறது. முழுப்பரப்பிலும் பசை உள்ளதை ஒட்டி, டச் சென்சிட்டிவிட்டியை ஆன் செய்தால் போதும்.

‘ஒரு பட்டை மட்டும் செத்துப்போச்சு’

கீபோர்டில் ஒரே வரிசை எழுத்துகள் விழவில்லை, ஃபோனைத் திருப்பிப் பிடித்தால் விழுகின்றன. இது கம்பி சார்ந்த பழுது, வெளிக் காரணம் அல்ல.

ஐஃபோன்காரர்களுக்கு நான் சொன்ன வழி இதுதான், ஆண்ட்ராய்டிலும் செல்லும்: ஏதாவது ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, கையை எடுக்காமல் திரை முழுக்க மெதுவாக இழுத்துச் செல்லுங்கள், வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாக. ஐகான் ஒரே நேர்கோட்டில் மறுபடி மறுபடி நழுவி விழுந்தால், அங்கே ஒரு கோடு அறுந்திருக்கிறது. ஒரு கோடு அறுந்தால் அதன் நீளம் முழுவதும் போய்விடும், அதனால்தான் பட்டையாகத் தெரிகிறது. ஒழுங்கற்ற வட்டமாகவோ மூலையாகவோ போயிருந்தால், அது விரிசலோ கீழிருந்து வரும் அழுத்தமோ ஆக இருக்கலாம்.

பட்டை வந்துபோகிறதா, நிலையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஃபோனை லேசாக முறுக்கினாலோ, ஓரத்தை அமுக்கினாலோ உயிர் வந்தால், டிஸ்ப்ளேயையும் போர்டையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது போர்டில் சிப்பின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. சும்மா கதையில்லை. 2014-இல் வந்த ஐஃபோன் 6 பிளஸில் டச் கேட்காமல் போய், திரையின் உச்சியில் சாம்பல் நிறப் பட்டை துடிக்கும் கோளாறு பரவலானது. கடினமான தரையில் பலமுறை விழுந்து, அதற்குப் பிறகும் அழுத்தம் பட்ட ஃபோன்களில் இது வருகிறது என்று சொல்லி, 2016 நவம்பரில் ஆப்பிள் அதற்கென்று ஒரு பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. பழுது சிப்பில் இருக்கும்போது டிஸ்ப்ளே மாற்றினால் பணம்தான் போகும். ஆகவே கடைக்காரரிடம், காம்போவை (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த புதுப் பாகம்) பொருத்தும் முன் வெளியில் வைத்தே இணைத்து டச் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார்.

‘டச் மட்டும் மாத்த முடியாதா?’ என்று கேட்பவர்களுக்கு: பழைய ஃபோன்களில் முடிந்தது. இப்போது பெரும்பாலான ஃபோன்களில் தொடுகோடுகள் டிஸ்ப்ளேயோடு சேர்த்தே செய்யப்படுகின்றன, பிரிக்க ஒன்றுமில்லை.

திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு, நடுவில் டச் போயிருக்கிறதா? பின்பக்கத்தை வருடிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சோதனை எல்லாம் வேண்டாம். அமுக்காமல், சார்ஜ் போடாமல், ஃபோனை ஸ்விட்ச் ஆஃப் செய்து கடைக்குக் கொண்டுபோங்கள்.

‘அம்மா தொட்டா ஆப் எல்லாம் காணாமப் போகுது’

திரையில் ஒரு குறையும் இருக்காது. எண்களோடும் பட்டன்களோடும் வாழ்ந்த தலைமுறை, அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று கை பழகிவிட்டது. அம்மா வாட்ஸ்அப் ஐகானைத் தொடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரல் இறங்கும், நின்று அழுத்தும், திறக்கிறதா என்று பார்க்கும், அப்புறம்தான் மேலே வரும். ஆண்ட்ராய்டில் ஏறத்தாழ அரை விநாடி விரல் நின்றாலே அது வேறு கட்டளை. ஐகான் கையோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது எங்கேயோ விழும்.

‘மெதுவாத் தொடும்மா’ என்று சத்தம் போடுவதால் பயனில்லை. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி போய் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’ என்பதை நீளமாக்குங்கள். கை நடுக்கம் இருந்தால், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதியும் சாம்சங்கிலும் ஐஃபோனிலும் உண்டு. முகப்புத் திரையைப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ‘உனக்கு ஃபோன் வராது’ என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேருக்கு இந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘ஒண்ணைத் தொட்டா பக்கத்துல இருக்கறது திறக்குது’

எல்லா ஆப்பிலும் ஒரே பக்கமாக விலகுகிறதா, ஒரே ஆப்பில் மட்டுமா? ஒரே ஆப் என்றால் குற்றம் அதை வரைந்தவருடையது. தொடும் இலக்கு குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று கூகுள் வழிகாட்டி சொல்கிறது, ஆப்பிள் தன் அலகில் சொல்வது 44 பாயிண்ட். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி ஏன் எறும்பு அளவில் இருக்கிறது என்று இப்போது புரியும். இலக்கு சிறுத்தாலும் தூரம் கூடினாலும் கை தடுமாறும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இலேயே கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்.

எல்லா ஆப்பிலும் என்றால், படுத்துக்கொண்டு பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். நாம் குறி பார்ப்பது விரலின் மேற்பக்கத்தை வைத்து, ஃபோன் பார்ப்பதோ அடியில் பட்ட சதையின் நடுப்புள்ளியை. இந்த வித்தியாசத்தை கணினி ஆய்வாளர்கள் கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பௌடிஷ் இருவரும் 2010 வாக்கில் விரிவாக ஆராய்ந்தார்கள். விரலின் சாய்வு மாறினால் விலகலும் மாறும். நேராக உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் தொட்டும் விலகினால், டெம்பர் கிளாஸ் உரித்துப் பாருங்கள், அப்புறம் ரீஸ்டார்ட்.

‘தொட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அசையுது’

பாயிண்டர் லொக்கேஷனில் விரலை விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் சீராக இழுங்கள். கோட்டின் நுனி விரலுக்கு 1 சென்டிமீட்டர் பின்னால் வந்தால் தாமதம் 100 மில்லிவிநாடி. அரை சென்டிமீட்டர் என்றால் 50. கோடு விரலை ஒட்டியே வந்து, ஆப் மட்டும் தாமதித்தால் டச் நல்லபடியாக இருக்கிறது. ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கலாம், அதைக் காலி செய்யுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அனிமேஷன் ஸ்கேல் மூன்றையும் 0.5 ஆக்கினால் ஃபோன் சுறுசுறுப்பானது போலத் தோன்றும், தோன்றுவதும் ஒரு நன்மைதான். சேஃப் மோடில், அதாவது நீங்கள் ஏற்றிய ஆப்கள் ஓடாத நிலையில், வேகமாக இருந்தால் நீங்கள் ஏற்றிய ஏதோ ஓர் ஆப் காரணம்.

ஃபோன் அல்லாதவை

கடையில் இருக்கும் பழைய பில்லிங் மெஷின் பேனா மூடியால் குத்தினாலும் கேட்கிறது என்றால் அது வேறு ஜாதி. இரண்டு படலங்கள் அமுங்கி ஒட்டும் ரகம். தொட்ட இடம் தள்ளிப்போனால் கேலிபரேஷன் பக்கத்தில் கூட்டல் குறிகளைத் தொட்டுச் சரிசெய்யலாம். பள்ளியின் ஸ்மார்ட் போர்டு தானாகக் கோடு போட்டால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடையுங்கள். அவற்றில் பல அகச்சிவப்புக் கதிர் ரகம், கதிரை மறைக்கும் தூசியும் பூச்சியும் டீச்சரின் துப்பட்டா நுனியும் அதற்கு விரல்தான்.

‘சுத்தமா எதுவும் கேக்கல’

டிஸ்ப்ளே தெரிகிறது, டச் மட்டும் இல்லை. முதலில் பவர் பட்டனை (சில ஃபோன்களில் வால்யூம் பட்டனையும் சேர்த்து) நீளமாக அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால், கடைக்குப் போகும் முன் படங்களையும் காண்டாக்டையும் எடுத்துவிடுங்கள். ஓடிஜி அடாப்டரை (ஃபோனின் சார்ஜ் ஓட்டையில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்கும் சின்ன இணைப்பான்) போட்டு, அதில் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்து பின் நம்பர் அடித்து, பேக்கப் எடுத்து, யூபிஐ ஆப்பிலிருந்து வெளியேறிவிடலாம். மவுஸைச் செருகிவிட்டால் சார்ஜ் போட ஓட்டை இருக்காது, அதனால் ஃபோனை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.